புதுப்பிப்பு மெயில் வந்தால் முதலில் பழைய காகிதத்தைத் தேடுங்கள்

எங்கள் கம்பெனியில் மார்ச் இரண்டாம் வாரம், மருத்துவ இன்சூரன்ஸைப் புதுப்பிக்கச் சொல்லும் அந்த மெயில் வரும். மேலே ஒரு குடை, குடைக்குக் கீழே சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு குடும்பம். உள்ளே ஒரு லிங்க், ஒரு கடைசித் தேதி, ‘சென்ற ஆண்டு விவரங்களே தொடரட்டும்’ என்று ஒரு கட்டம். ஏப்ரல் 1 முதல் புது பாலிசி. ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில் முக்கால்வாசிப் பேர் அந்தக் கட்டத்தில் டிக் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

நான் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் இருக்கிறேன். வீடு கே.ஜி. சாவடி. காலையில் வாளையாறு தாண்டிக் கேரளாவுக்குள் போய், சாயங்காலம் அதே செக்போஸ்ட் தாண்டி வீடு திரும்புகிற பிழைப்பு. எங்கள் பஸ்ஸில் வருகிற பாதிப் பேருக்கு இதே கதைதான்: சம்பளம் அந்தப் பக்கம், ரேஷன் கார்டும் ஆஸ்பத்திரியும் இந்தப் பக்கம். இன்சூரன்ஸ் வேலை என் மேஜைக்குச் சேர்ந்ததல்ல, எச்.ஆர். பார்க்கிறது. ஆனால் எச்.ஆர். மேடம் மலையாளத்தில் விளக்குவார். ‘நோக்கியிட்டு ஒப்பிட்டா மதி’ என்று முடிப்பார். பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று அர்த்தம். நம் ஆட்கள் ‘நோக்கியிட்டு’ என்பதை விட்டுவிட்டு ‘ஒப்பிட்டா மதி’யை மட்டும் எடுத்துக்கொண்டு என்னிடம் வருவார்கள். ‘ஏனக்கா, இதுல எங்க டிக் போடோணும்?’

நானும் ஒரு வருஷம் அப்படித்தான் டிக் போட்டேன். அந்த வருஷம் கம்பெனி, பாலிசியை வேறு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மாற்றியிருந்தது. காப்பீட்டுத் தொகை அதே 3 லட்சம். அதைப் பார்த்ததும் எல்லாம் பழையபடிதான் என்று நினைத்துக்கொண்டேன். இணைப்பில் நாலாம் பக்கத்தில் இரண்டு வரி புதிதாகச் சேர்ந்திருந்தது. அறை வாடகைக்கு நாளொன்றுக்குத் தொகையில் 1 சதவீதம் வரைதான். பெற்றோர் கிளெய்முக்கு 20 சதவீதம் நம் கையிலிருந்து.

ஆடி மாசம், சாவடிக்கே உரிய அந்தக் காற்று அடித்துக்கொண்டிருந்தபோது, அம்மா வாசலில் காய்ந்த துணியை எடுக்கப் போய் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. கோயம்புத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. தனி அறை நாளுக்கு 6,000 ரூபாய் என்றார்கள். இன்சூரன்ஸ் இருக்கிறதே, மிஞ்சிப் போனால் அறைக்கு நாளுக்கு ஓர் ஆயிரமோ இரண்டாயிரமோ நாம் போட்டுக்கொள்வோம் என்று எடுத்தோம். பில்லை முழுத் தொகையாக்கிச் சொல்கிறேன், கணக்குப் புரிவதற்காக. நாலு நாள் அறை 24,000. டாக்டர், மயக்க டாக்டர், தியேட்டர், நர்ஸிங் எல்லாம் 90,000. மருந்து, உள்ளே வைத்த பிளேட், டெஸ்ட் 70,000. மொத்தம் 1,84,000.

3 லட்சத்தில் 1 சதவீதம் 3,000. நாங்கள் எடுத்தது 6,000 அறை. அதாவது அனுமதித்ததற்கு இரட்டிப்பு. அப்போது அறை வாடகை மட்டும் பாதியாகாது. அறையோடு சேர்ந்து ஏறுகிற டாக்டர் கட்டணம், தியேட்டர் கட்டணமும் அதே விகிதத்தில் பாதியாகும். மருந்துக்கும், உடம்புக்குள் வைக்கிற சாமானுக்கும், டெஸ்ட்டுக்கும் இந்த வெட்டு வராது. ஆக 12,000, 45,000, 70,000 சேர்த்து 1,27,000. அதில் 20 சதவீதம் 25,400 எங்கள் பங்கு. அவர்கள் கொடுத்தது 1,01,600. நாங்கள் கட்டியது 82,400. கையுறை, டயப்பர் மாதிரி பாலிசியில் வராத சில்லறை இதில் சேரவில்லை.

வீட்டுக்கு வந்து ராத்திரி உட்கார்ந்து மறுபடி கணக்குப் போட்டேன். 3,000 ரூபாய் அறை எடுத்திருந்தால், டாக்டர் கட்டணம் குறையாமல் அப்படியே இருந்திருந்தாலும், எங்கள் பங்கு 34,400. அறையில் சேமித்திருக்க வேண்டியது 12,000. பில்லில் போனது 48,000. ஒரு வரி படிக்காததன் விலை அது. அதற்கப்புறம்தான் நான் நோட்டுப் போட ஆரம்பித்தேன்.

அந்த நோட்டு இப்படி. மெயில் வந்த அன்றே சென்ற வருஷத்து இணைப்பைத் தேடி எடுங்கள். கிடைக்கவில்லையென்றால் எச்.ஆரிடம் எழுதிக் கேளுங்கள்; கேட்டால் தருவார்கள், யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான். ஒரு தாளை நடுவில் மடித்து இடது பக்கம் போன வருஷம், வலது பக்கம் இந்த வருஷம். தொகையைக் கடைசியில் எழுதுங்கள். தொகைதான் பெரிய எழுத்தில் இருக்கும், அது அநேகமாக மாறியிருக்காது. பிரீமியம் ஏறும்போது கம்பெனி தொகையைக் குறைத்தால் தொழிலாளிக்குத் தெரிந்துவிடும். தெரியாத இடத்தில்தான் குறைப்பார்கள். எனவே முதலில் எழுத வேண்டியது அறை வாடகை வரம்பு, நம் கைப்பங்கு சதவீதம், அது எல்லோருக்குமா பெற்றோருக்கு மட்டுமா என்பது. அடுத்து தனித்தனி வரம்புகள்: கண்புரை ஒரு கண்ணுக்கு எவ்வளவு, சுகப்பிரசவத்துக்கு எவ்வளவு, சிசேரியனுக்கு எவ்வளவு, பிரசவத்துக்கு 9 மாதக் காத்திருப்பு உண்டா தள்ளுபடியா, பிறந்த குழந்தைக்கு முதல் நாளிலிருந்தே உண்டா. அதற்கடுத்து ஏற்கெனவே இருக்கிற சுகர், பிரஷர் மாதிரி வியாதிகளுக்கு முதல் நாளிலிருந்தே தருகிறார்களா என்பது. நல்ல குரூப் பாலிசியில் தருவார்கள். அதுதான் கம்பெனி பாலிசியின் உண்மையான லாபம். தனியாக நாமே வாங்கும் பாலிசியில் அதற்கு 36 மாதம் வரை காத்திருக்க வைக்கலாம்.

இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிற வரியை அடித்துவிடுங்கள். மிச்சமிருக்கும் நாலைந்து வரிதான் இந்த வருஷத்துப் பாலிசி.

டி.பி.ஏ. மாறியிருக்கிறதா என்று பார்ப்பதும் அதே தாளில்தான். டி.பி.ஏ. என்பது இன்சூரன்ஸ் கம்பெனிக்காக கிளெய்ம் காகிதம் பார்க்கிற இடைநிலைக் கம்பெனி. அது மாறினால் உங்கள் பழைய கார்டு எண் செத்துவிட்டது. புது இ-கார்டு ஏப்ரல் முதல் தேதியே வந்துவிடும் என்று நம்ப வேண்டாம். எங்களுக்கு ஒரு வருஷம் இரண்டாவது வாரம்தான் வந்தது. நாள் குறித்துச் செய்கிற ஆபரேஷன் எதுவானாலும் மார்ச் கடைசி வாரத்துக்கும் ஏப்ரல் முதல் வாரத்துக்கும் நடுவில் வைக்காதீர்கள். தவிர்க்க முடியாமல் மார்ச் 30 அட்மிட் ஆகி ஏப்ரல் 3 டிஸ்சார்ஜ் ஆனால், அட்மிட் ஆன தேதியை வைத்துப் பழைய பாலிசியில்தான் கிளெய்ம் போகும். பழைய டி.பி.ஏ.வுக்குக் காகிதம் கொடுக்கப் பெரும்பாலும் டிஸ்சார்ஜிலிருந்து 30 நாள்தான் கெடு. கம்பெனி மாறிவிட்டது என்று நினைத்துச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

இனி நம் எல்லைக்காரர்களுக்கு மட்டும் உள்ள தலைவலி. நெட்வொர்க் பட்டியலை, அதாவது இன்சூரன்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள ஆஸ்பத்திரிகளைத் தேடும் பக்கத்தில் பின்கோடு கேட்கும். கம்பெனி முகவரியைப் போட்டால் பாலக்காடு ஆஸ்பத்திரிகள் வரும். அங்கே யார் போகிறோம்? நெஞ்சு வலித்தால் வண்டி கோயம்புத்தூர்ப் பக்கம்தான் திரும்பும். ஆகவே உங்கள் வீட்டுப் பின்கோடு, கோயம்புத்தூரில் நீங்கள் வழக்கமாகப் போகும் ஆஸ்பத்திரியின் பெயர், இரண்டையும் போட்டுத் தேடுங்கள். பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது. அந்த ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் கவுன்ட்டருக்குப் போன் செய்து, ‘இந்த டி.பி.ஏ., இந்த இன்சூரன்ஸ் கம்பெனி, குரூப் பாலிசி, கேஷ்லெஸ் எடுக்கிறீங்களா’ என்று கேளுங்கள். கேஷ்லெஸ் என்றால் பில்லை இன்சூரன்ஸ் கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேராகக் கட்டுவது. சில ஆஸ்பத்திரிகள் குறிப்பிட்ட கம்பெனியோடு கட்டணத் தகராறு என்று நடுவில் நிறுத்திவிடுவார்கள், பட்டியல் மட்டும் பழையபடி இருக்கும். நெட்வொர்க்கில் இல்லாத ஆஸ்பத்திரியிலும் கேஷ்லெஸ் கேட்கலாம் என்று 2024 ஜனவரியில் ஒரு ஏற்பாடு வந்தது: திட்டமிட்ட சிகிச்சைக்கு 48 மணி நேரம் முன்பு, அவசரத்துக்கு அட்மிட் ஆன 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஆனால் ஆஸ்பத்திரி ஒத்துக்கொண்டால்தான் நடக்கும். அதை நம்பி வண்டி ஏறாதீர்கள்.

நம் இன்னொரு தலைவலி பெயர். நமக்கு இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் விரிந்து பின்னால் நிற்கும், பான் கார்டில் முன்னால் நிற்கும், கேரளத்தில் எச்.ஆர். பதிந்தபோது வேறொரு ஸ்பெல்லிங். அம்மா அப்பாவின் பிறந்த தேதியோ, பாதிப் பேருக்கு ஜனவரி 1 அல்லது ஜூன் 1. அட்மிஷன் கவுன்ட்டரில் ஆதாரையும் இ-கார்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ஒத்து வராவிட்டால் கம்பெனியிலிருந்து கடிதம் கேட்பார்கள், அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமையாக இருக்கும். விண்டோ, அதாவது விவரம் திருத்தத் தரும் நாள்கள், திறந்திருக்கும்போது குடும்பத்தில் ஒவ்வொருவரின் பெயரையும் ஆதாரில் உள்ள எழுத்துக்கு எழுத்து அப்படியே திருத்துங்கள். இதற்குக் காசு கிடையாது, பத்து நிமிஷம்தான்.

குடும்பத்தில் யாரைச் சேர்ப்பது என்பதில் ஒரே ஒரு இடம்தான் கஷ்டமானது. எங்கள் பாலிசியில் பெற்றோர் அல்லது மாமனார் மாமியார், ஏதாவது ஒரு ஜோடி. அம்மா ஒன்று, மாமியார் ஒன்று என்று கலக்க முடியாது. ஒருமுறை தேர்ந்தெடுத்தால் அடுத்த விண்டோ வரை மாற்றவும் முடியாது. இதை எழுதும்போது மாமியார் பக்கத்து அறையில்தான் இருக்கிறார், அதனால் அதிகம் சொல்லவில்லை. என் வீட்டில் என்ன செய்தோம் என்றால், அம்மா என் கம்பெனி பாலிசியில், மாமியார், என் கணவர் வேலை செய்யும் மில்லின் பாலிசியில். இரண்டு பேரும் சம்பாதிக்கிற வீடானால் இரண்டு கம்பெனித் தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எதில் கைப்பங்கு குறைவோ அதில் வயதானவரைப் போடுங்கள், பிள்ளைகளை மற்றதில் போடுங்கள். பெற்றோர் பிரீமியத்தைச் சம்பளத்தில் பிடித்தால் பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு அதற்குக் கழிவு உண்டு: பெற்றோருக்காக 25,000 வரை, அவர்கள் 60 தாண்டியவர்கள் என்றால் 50,000 வரை. புது வரிமுறையில் கிடையாது. மாமியாருக்கு நான் கட்டினால் எனக்குக் கழிவு இல்லை, அவர் மகன் கட்டினால் மகனுக்கு உண்டு. கல்யாணம், பிரசவம் என்றால் விண்டோவுக்குக் காத்திருக்க வேண்டாம். வழக்கமாக 30 நாளுக்குள் சொன்னால் நடுவிலேயே சேர்ப்பார்கள். அதை விட்டால் அடுத்த ஏப்ரல்தான்.

இப்போது நான் மிக அதிகமாகப் பதில் சொல்லும் கேள்வி: ‘அக்கா, இன்கிரிமென்ட் வந்திருச்சு. இ.எஸ்.ஐ. போயிருமா?’

மாதச் சம்பளம் 21,000 வரை இ.எஸ்.ஐ. எனும் அரசுத் தொழிலாளர் காப்பீடு; தாண்டினால் கம்பெனி பாலிசி. இந்த வரம்பு 2017 ஜனவரியிலிருந்து இருக்கிறது. ஆனால் தாண்டிய அன்றே இ.எஸ்.ஐ. அறுந்துவிடாது. அவர்களுக்கு வருஷம் இரண்டு பாதி: ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச். பாதியின் நடுவில் சம்பளம் ஏறினால் அந்தப் பாதி முடியும்வரை இ.எஸ்.ஐ. ஓடும், பிடித்தமும் ஓடும். ஜூலையில் 20,400 என்பது 22,100 ஆனால், செப்டம்பர் 30 வரை 22,100-க்கு 0.75 சதவீதம், 166 ரூபாய் பிடிப்பார்கள். பிடிக்கிறார்களே என்று கோபப்பட வேண்டாம், பிடிக்கிற வரை கார்டு உயிரோடு இருக்கிறது. கம்பெனி தன் பங்காக 3.25 சதவீதம் கட்டும். ஓவர்டைம் சேர்ந்து ஒரு மாதம் 21,000 தாண்டினாலும் வெளியே போகமாட்டீர்கள். வரம்பைப் பார்க்கும்போது ஓவர்டைமைச் சேர்ப்பதில்லை.

ஓட்டை எங்கே இருக்கிறது என்றால், அக்டோபர் 1-ல். அன்றைக்கு இ.எஸ்.ஐ. பிடித்தம் நிற்கிறது. சந்தா நாள்கள் சரியாக இருந்தால் வைத்தியம் அதற்குப் பின்னும் சில மாதம் கிடைக்கும், ஆனால் அதுவும் ஒரு நாள் முடியும். கம்பெனி பாலிசியோ மார்ச்சில் பெயர் கேட்டது. அப்போது நீங்கள் இ.எஸ்.ஐ.யில் இருந்ததால் லிங்க்கே வந்திருக்காது. எங்கள் லேத் பிரிவில் ஒரு அண்ணன் நவம்பரில் மகனுக்கு அப்பென்டிக்ஸ் என்று ஓடினார். கம்பெனி பாலிசியில் பெயரில்லை, இ.எஸ்.ஐ. இன்னும் செல்லும் என்று அவருக்குத் தெரியவும் இல்லை. எனவே நடுவில் இன்கிரிமென்ட் வந்தவர்கள் செப்டம்பர் முதல் வாரத்திலேயே எச்.ஆருக்கு மெயில் போடுங்கள்: ‘எனக்கு இ.எஸ்.ஐ. வைத்தியம் முடியும் தேதி எது, குரூப் பாலிசியில் சேரும் தேதி எது?’ இரண்டு தேதிக்கும் நடுவில் ஒரு நாள்கூட இடைவெளி இருக்கக் கூடாது. பதில் எழுத்தில் வர வேண்டும், வாயால் சொன்னால் போதாது.

என் சொந்த அபிப்பிராயம் ஒன்று. 21,000-ஐச் சும்மா தொட்டுத் தாண்டுகிற இன்கிரிமென்ட்டை அவசரமாகக் கொண்டாடாதீர்கள். இ.எஸ்.ஐ.யில் வரிசை நீளம், மருந்து சில நாள் இருக்காது, உண்மைதான். ஆனால் அங்கே 3 லட்சம் என்று ஒரு கூரை கிடையாது, அறை வாடகை வெட்டு கிடையாது, மாத வருமானம் 9,000-க்குள் இருக்கிற அம்மா அப்பாவும் அதிலேயே உண்டு. நோயில் படுத்தால், சந்தா நாள்கள் சரியாக இருக்கும்பட்சத்தில், வருஷத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் வரும். கம்பெனி பாலிசியில் இந்தச் சம்பளப் பணம் கிடையாது. போகிறதை எழுதி வைத்துக்கொண்டு, அதற்கு ஈடாக என்ன வாங்க வேண்டும் என்று பாருங்கள்.

இ.எஸ்.ஐ.யிலேயே தொடர்கிறவர்கள் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: உங்களுக்கு எந்த டிஸ்பென்சரி பதிந்திருக்கிறது? கம்பெனி கேரளாவில் என்பதால் அந்தப் பக்கத்து டிஸ்பென்சரியையே போட்டுவிடுவார்கள். குடும்பம் உங்களோடு இருக்கிறதா, வேறு மாநிலத்திலா என்று பதிவில் ஒரு கேள்வி உண்டு. நம் ஆட்களுக்குக் குடும்பம் சாவடியிலோ எட்டிமடையிலோதானே. அதைத் திருத்தி வைத்தால் வீட்டிலிருப்பவர்கள் வாளையாறு தாண்டி அலைய வேண்டாம். பெரிய வைத்தியத்துக்குச் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியே பக்கம்.

3 லட்சம் போதாது என்று நினைப்பவர்கள் தனியாக ஒரு சூப்பர் டாப்-அப் எடுக்கலாம். முதல் 3 லட்சத்தைக் கம்பெனி பாலிசி பார்த்துக்கொள்ளும், அதற்கு மேல் வருவதை இது பார்க்கும் என்று அமைத்தால் பிரீமியம் குறைவு. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ பாலிசிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. கம்பெனி வழியாக எடுக்கும் குரூப் பாலிசிக்கு 18 சதவீதம் உண்டு. பெற்றோர் பங்கு 9,000 என்று மெயிலில் போட்டிருந்தால் சம்பளத்தில் 10,620 பிடிப்பார்கள், கடைசி வரியைப் பாருங்கள். கம்பெனி மாறும்போது டாப்-அப் உங்களோடு வரும், குரூப் கார்டு வராது. வேலையை விடுகிற எண்ணம் இருந்தால், அதே இன்சூரன்ஸ் கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு மாற முடியுமா என்று ராஜினாமாவுக்கு முன்பே கேளுங்கள். முடிந்தால் குரூப்பில் இருந்த காலத்தைக் காத்திருப்பில் கழிப்பார்கள்.

நாமினி விஷயத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், ஆனால் விட்டுவிடாதீர்கள். விபத்துக் காப்பீட்டுக்கு ஒரு நாமினி, கம்பெனி உயிர்க் காப்பீட்டுக்கு ஒரு நாமினி, பி.எஃப்.புக்கு ஒரு நாமினி. மூன்றும் வேறு வேறு இடத்தில் கிடக்கிற பதிவு, ஒன்றை மாற்றினால் மற்றது மாறாது. பி.எஃப்.போடு சேர்ந்த உயிர்க் காப்பீடு 7 லட்சம் வரை வரும், அதற்கு நம்மிடம் ஒரு பைசா பிடிப்பதில்லை என்பதே பலருக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு முன்னால் கொடுத்த பி.எஃப். நாமினேஷன் கல்யாணம் ஆனதும் செல்லாது. போன வருஷம் தாலி கட்டியவர்கள் இந்த மார்ச்சிலேயே புதிதாகக் கொடுங்கள்.

சண்டை வந்தால் எங்கே போவது? முதலில் இன்சூரன்ஸ் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் ஒத்துவரவில்லை என்றால் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் எனும் புகார் விசாரிக்கும் அதிகாரி. கேரளாவுக்குக் கொச்சி, தமிழ்நாட்டுக்குச் சென்னை. கம்பெனி கேரளாவில் இருப்பதால் கொச்சிக்குத்தான் போக வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். புகார் கொடுப்பவர் குடியிருக்கும் ஊரை வைத்தும் கொடுக்கலாம், ஆகவே சாவடிக்காரர் சென்னைக்கே அனுப்பலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். அம்மாவின் பில்லுக்கு நான் போகவில்லை. நாலாம் பக்கத்தில் அவர்கள் எழுதித்தான் இருந்தார்கள்.

விண்டோ மூடுவதற்கு முன்னால் கடைசித் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்களுக்கே மெயில் போட்டுக்கொள்ளுங்கள், தேதி பதிவாகும். ஏப்ரல் சம்பளச் சீட்டில் பிடித்தம் சரியா என்று ஒரு பார்வை. இ-கார்டு வந்ததும் ஒன்று போனில், ஒன்று பிரின்ட் எடுத்து வீட்டில். நான் அம்மாவின் கார்டுக்குப் பின்னால் பேனாவால் ‘அறை 3,000-க்குள்’ என்று எழுதி, ரேஷன் கார்டு வைக்கிற பிளாஸ்டிக் கவருக்குள் வைத்திருக்கிறேன். அவசரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கூட்டிக்கொண்டு போனாலும் கவுன்ட்டரில் அதை நீட்டினால் போதும்.